கிறிஸ்துமஸ் தாத்தா யார்?
ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்கு இரவில் பொன் கொடுத்தவர்

சிவப்பு அங்கி, வெள்ளைத் தாடி, தோளில் ஒரு மூட்டை, முகம் நிறையச் சிரிப்பு. டிசம்பர் மாதம் வந்துவிட்டால் கடை வாசல்களிலும் பள்ளிக்கூட விழாக்களிலும் இவரைப் பார்க்கலாம். இவர்தான் கிறிஸ்துமஸ் தாத்தா. ஆங்கிலத்தில் சாண்டா கிளாஸ் என்பார்கள்.

பனி மூடிய வட துருவத்தில் இருந்து இவர் வருவதாகக் குழந்தைகளுக்குக் கதை சொல்வது வழக்கம். ஆனால் இந்தக் கதைக்கு மூலமாக இருந்தவர், பனியைக் காண்பதே அபூர்வமான ஒரு கடற்கரை ஊரில் வாழ்ந்தவர்!

மைரா நகர பிஷப்

அவர் பெயர் நிக்கோலஸ். துருக்கியின் தென் கடற்கரையில் டெம்ரே என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்தக் காலத்தில் அதற்கு மைரா என்று பெயர். கி.பி. 4-ம் நூற்றாண்டில் அங்கே பிஷப்பாக இருந்தவர் நிக்கோலஸ்.

அவர் வாழ்ந்த காலத்திலேயே எழுதப்பட்ட வரலாறு எதுவும் இல்லை. பல நூறு ஆண்டுகளுக்குப் பிறகு எழுதியவர்கள் சொன்ன கதைகள்தான் இருக்கின்றன. அவற்றில் ஒன்று மிகவும் புகழ் பெற்றது.

ஒருவருக்கு மூன்று பெண்கள். வாழ்ந்து கெட்ட குடும்பம். சீர் கொடுக்கப் பணம் இல்லாததால் பெண்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வறுமை முற்றியது. பெண்களைத் தகாத தொழிலுக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழி இல்லை என்ற நிலைக்குத் தகப்பன் வந்துவிட்டான்.

இது நிக்கோலஸ் காதுக்கு எட்டியது. ஓர் இரவு, ஊர் அடங்கிய பிறகு, அந்த வீட்டு ஜன்னல் வழியே ஒரு பொன் முடிப்பைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. மறுபடியும் ஒரு முடிப்பு விழுந்தது. இரண்டாவது பெண்ணுக்கும் வாழ்வு கிடைத்தது.

மூன்றாவது முறை தகப்பன் தூங்காமல் காத்திருந்து, ஓடிப்போய் அவரைப் பிடித்துக்கொண்டான். காலில் விழுந்து அழுதான். நிக்கோலஸ் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நான் உயிரோடு இருக்கும் வரை இதை யாரிடமும் சொல்லாதே!"

கடல் கடந்த கதை

1087-ம் ஆண்டில் இத்தாலியின் பாரி நகர மாலுமிகள் மைராவுக்கு வந்து, நிக்கோலசின் எலும்புகளை எடுத்துச் சென்றனர். பாரியில் அவருக்குப் பெரிய தேவாலயம் எழுந்தது. ஐரோப்பாவில் அவர் புகழ் மேலும் பரவியது.

அவருடைய திருநாள் டிசம்பர் 6. ஹாலந்து நாட்டில் அதற்கு முந்தைய நாள் மாலையே கொண்டாட்டம். குழந்தைகள் காலணியை எடுத்து வைப்பார்கள். அதில் பரிசு வந்து சேரும். நிக்கோலசை அங்கே "சின்டர்கிளாஸ்" என்கிறார்கள். இந்தப் பெயர்தான் அமெரிக்காவில் "சாண்டா கிளாஸ்" ஆயிற்று. நியூயார்க் நகரம் முதலில் ஹாலந்துக்காரர்களின் குடியேற்றமாக இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

1823-ல் அமெரிக்காவின் டிராய் நகரப் பத்திரிகை ஒன்றில் ஒரு கவிதை வந்தது. எட்டு மான்கள் இழுக்கும் வண்டியில் வந்து, புகைப்போக்கி வழியே இறங்கி, காலுறைகளில் பரிசுகளை நிரப்பும் நிக்கோலசை அது வர்ணித்தது. அதில் அவர் பிஷப் அல்ல. தொப்பை குலுங்கச் சிரிக்கும் குட்டைக் கிழவர்!

தாமஸ் நாஸ்ட் என்ற ஓவியர் 1863-ல் இருந்து பத்திரிகைகளில் அவரைப் படமாக வரைந்தார். தாடியும் தொந்தியும் அந்தப் படங்களில் நிலைபெற்றன. 1931-ல் கோகோ கோலா விளம்பரத்துக்காக ஹாடன் சன்ட்ப்ளாம் வரைந்த படம் உலகமெங்கும் பரவியது. சிவப்பு உடையே அந்தக் கம்பெனி கொடுத்ததுதான் என்று சொல்வது தவறு. அதற்கு முன்பே சிவப்பு அங்கியுடன் படங்கள் வந்துவிட்டன.

பெயர் தெரியாத கை

முகத்தைக் காட்டாமல் கொடுக்க விரும்பியவர் நிக்கோலஸ். அவரை மூலமாகக் கொண்ட தாத்தாவின் முகமோ இன்று உலகில் எல்லோருக்கும் தெரிந்த முகங்களில் ஒன்று. விற்பனைக்கும் விளம்பரத்துக்கும் அது பயன்படுகிறது.

ஆனாலும் பழைய வழக்கம் அடியோடு போய்விடவில்லை. கிறிஸ்துமஸ் இரவில், குழந்தைகள் தூங்கிய பிறகு, பெற்றோர் பரிசைத் தலைமாட்டில் வைக்கிறார்கள். காலையில் குழந்தை கேட்டால், "தாத்தா கொடுத்துவிட்டுப் போனார்" என்கிறார்கள். பொருளை வாங்க மிச்சம் பிடித்தவர்கள் தாங்கள்தான் என்று அவர்கள் சொல்லிக்கொள்வதில்லை.

அந்தத் தகப்பனிடம் நிக்கோலஸ் கேட்டதும் இதைத்தானே!