நூறாண்டில் ஆறடி நகரும் பூ

கடந்த ஏப்ரலில் இங்கிலாந்தில் வசிக்கும் என் சாச்சி, வீட்டருகே உள்ள காட்டின் படமொன்றை அனுப்பியிருந்தார். இலையற்ற மரங்களின் கீழே நிலமெங்கும் வெள்ளைப் பூக்கள்.

"கொஞ்சம் பறித்து ஜாடியில் வைக்கலாமே சாச்சி?" என்று கேட்டேன்.

"பறிக்கக் கூடாது மகள். இது இவ்வளவு தூரம் பரவ எத்தனை நூறு வருஷம் எடுத்ததோ" என்றார். அந்தப் பதில்தான் என்னைத் தேடிப் படிக்க வைத்தது.

அந்தப் பூவின் பெயர் காட்டு அனிமோன். ரனன்குலேசியே குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுத் தாவரம் இது. 'அனிமோஸ்' என்றால் கிரேக்க மொழியில் காற்று. பெரும்பாலும் ஒரு சாணுக்கு மேல் வளராத இச்செடியின் வெள்ளை இதழ்களாகத் தெரிபவை உண்மையில் புல்லிகளே. இரவிலும் மழையிலும் பூ மூடிக்கொள்ளும். செடி முழுவதும் நஞ்சு.

ஐரோப்பியக் காடுகளில் கோடைக்கு முன்பே மரங்கள் தழைத்து வெயிலை மறைத்துவிடும். ஆகவே மார்ச் முதல் மே வரையுள்ள குறுகிய காலத்திலேயே இது பூத்து, உணவைச் சேமித்துக்கொள்கிறது. கோடையில் இலைகள் மடிந்துவிடும். மண்ணுக்கடியிலுள்ள வேர்த்தண்டுக்கிழங்கு மட்டும் அடுத்த வசந்தத்துக்காகக் காத்திருக்கும்.

பிரித்தானியாவில் இதன் விதைகள் முளைப்பது அரிது. கிழங்கு மெல்ல நீண்டே செடி பரவுகிறது. நூறு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ ஆறடி, அதாவது 1.8 மீற்றர் என்பது அங்கு வழங்கும் கணக்கு. 9 மீற்றர் நீளமான ஒரு வகுப்பறையைக் கடக்க அதற்கு 500 ஆண்டுகள் வேண்டும்! அதனால் இப்பூ பரந்து கிடக்கும் இடத்தைப் பழங்காட்டின் அடையாளங்களுள் ஒன்றாகக் கொள்கிறார்கள். இங்கிலாந்தில் 1600ஆம் ஆண்டிலிருந்து தொடர்ந்து காடாகவே இருந்துவரும் நிலத்தையே பழங்காடு என்பர். ஐக்கிய இராச்சியத்தின் நிலப்பரப்பில் அத்தகைய காடு இன்று ஏறத்தாழ 2.5 வீதமே எஞ்சியுள்ளது.

இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. தரம் எட்டில், "ஒரு மரத்தை வெட்டினால் இன்னொன்றை நட்டு ஈடுசெய்யலாம்" என்று எழுதி, கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள் நான். மரத்தை நடலாம், நடத்தான் வேண்டும். ஆனால் அதன் நிழலில் நூற்றாண்டுக்கு ஆறடியாக நகர்ந்து வந்ததை யார் நடுவது? காட்டை வெட்டாமல் விடுவதே அதற்கு நாம் செய்யக்கூடிய உதவி.

பரிசு வாங்கிய அந்தக் கட்டுரையை உம்மா இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். அந்த வரியை மட்டும் நான் திருத்தி எழுதிவிட்டேன்.