புல்தரையா, பிளாஸ்டிக் விரிப்பா?



வீட்டு முன்றிலிலுள்ள புல்லைப் பெயர்த்துவிட்டு, அவ்விடத்தில் பிளாஸ்டிக் இழைகளாலான செயற்கைப் புல்லை விரிக்கும் வழக்கம் நம் நாட்டு நகரங்களிலும் பரவி வருகிறது. கோலார் தங்கவயலில் வாழும் தமிழ் மக்களிடையேயும் இவ்விருப்பம் எழக்கூடும். பணத்தைச் செலவிடுமுன் சில செய்திகளை நாம் ஆராய்ந்து பார்ப்பது நலம்.

செயற்கைப் புல் பெயர் பெற்றது வீடுகளில் அன்று. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965-இல் கூரையிட்ட விளையாட்டரங்கம் ஒன்று திறக்கப்பட்டது. ஒளி ஊடுருவும் கூரைப் பலகைகள் பந்து பிடிப்போரின் கண்களைக் கூசச் செய்தமையால், அவற்றின்மீது வண்ணம் பூசினர். வெயில் குறைந்து புல் பட்டுப்போயிற்று. 1966-இல் அங்கு நைலான் புல்லை விரித்தனர். 1976-இல் மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஹாக்கி ஆட்டமும் இத்தகைய தரைக்கு மாறியது. உயிருள்ள புல் வளர இயலாத இடத்திற்காகத் தேடிய மாற்றே அது என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

தங்கவயலில் இம்மாற்றை நாடுவோர் கூறும் முதற் காரணம் தண்ணீர்ப் பற்றாக்குறை. அது மெய்யே. கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. சுரங்கங்கள் நடந்த காலத்தில் பாலாற்று நீரைத் தேக்கும் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து இங்குக் குடிநீர் கொண்டுவரப்பட்டது. 'குட்டி இங்கிலாந்து' என வழங்கிய இவ்வூரில் துரைமார் பங்களாக்களைச் சூழ்ந்து புல்வெளிகள் இருந்தன. தொழிலாளர் லைன் வீடுகளுக்கு அவ்வசதி இல்லை. 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னரும் தண்ணீர்க் கவலை நீங்கவில்லை.

எனினும், பிளாஸ்டிக் புல்லால் அக்கவலை முற்றும் தீர்ந்துவிடாது. இயற்கைப் புல் தன் இலைகளின் வழியே நீரை ஆவியாக்கித் தரையைக் குளிர்விக்கிறது. பிளாஸ்டிக்குக்கு அவ்வாற்றல் இல்லை. அமெரிக்காவின் ப்ரிகாம் யங் பல்கலைக்கழகத்தார் 2002-இல் அளந்தபோது, செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 93 பாகை செல்சியஸ் வரை சூடேறியது. நீர் தெளித்தால் சூடு தணியும். சற்று நேரத்தில் மீண்டும் ஏறிவிடும். வெறுங்காலுடன் விளையாடும் குழந்தைகளை அதன்மேல் எப்படி விடுவது?

தங்கவயலுக்கே உரிய மற்றொரு செய்தியும் உண்டு. தங்கம் பிரித்த பின் எஞ்சிய நுண்மணல், 'சயனைட் மலைகள்' எனும் பெருங்குன்றுகளாக நிற்கிறது. காற்றுக் காலத்தில் அதன் தூசி வீடுகளில் படிகிறது. வேரோடிய புல் தன் கீழுள்ள மண்ணைப் பற்றிக்கொள்ளும். பிளாஸ்டிக் இழைகளுக்கிடையே தங்கும் தூசியையோ அடிக்கடி கழுவியாக வேண்டும். அதற்கும் தண்ணீர் தேவை. மேலும், சில ஆண்டுகளில் இழைகள் நைந்து, நுண்துகள்களாக மண்ணில் கலக்கின்றன. பழைய விரிப்பை மறுபடி பயன்படுத்துவதும் எளிதன்று.

ஆதலின், புல்லை முற்றும் அகற்றுவதைவிடப் புல்லின் வகையையும் பரப்பையும் மாற்றுவதே தக்கது. மிகுந்த நீர் வேண்டும் புல்வெளியைக் குறைத்து, வறட்சியைத் தாங்கும் அருகம்புல்லைச் சிறு பரப்பில் வளர்க்கலாம். அரிசி, காய்கறி கழுவிய நீரே அதற்குப் பெரிதும் உதவும். ஒரு புங்கமரமோ வேம்போ நட்டால் நிழலும் கிடைக்கும். வெயிலே படாத மூலையில் வேண்டுமானால் ஒரு துண்டு செயற்கைப் புல்லை விரித்துக்கொள்ளலாம். முற்றம் முழுவதையும் அதனால் மூடுதல் வேண்டா.