கடிக்காத மீன்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சார்ல்ஸ்டன் ஊரை ஒட்டிய பூங்காவுக்குள் ரிட்ஜ் ஏரி என்று சிறியதோர் ஏரி இருக்கிறது. 1970களில் அங்கே தூண்டில் போட நினைத்தவர்கள் முன்கூட்டியே நேரம் பதிவு செய்துகொள்ள வேண்டும். பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. படகிலுள்ள தண்ணீர்த் தொட்டியில் உயிரோடு வைத்திருந்து ஆய்வாளர்களிடம் கொடுக்க வேண்டும். அவர்கள் அதை அளந்து, அடையாளம் இட்டு, மறுபடி ஏரியிலேயே விடுவார்கள். இப்படியே நான்கு ஆண்டுகள் நடந்தது. ஒரு மீன் முதல் இரண்டு நாட்களிலேயே மூன்று முறை சிக்கியது. இன்னொன்று ஒரே ஆண்டில் 16 முறை. கடைசியில் ஏரியை வடித்துப் பார்த்தபோது 1,700க்கும் மேற்பட்ட மீன்கள் கிடைத்தன. அவற்றில் ஏறத்தாழ 200 மீன்கள், நான்கு ஆண்டுகளும் அதே தண்ணீரில் இருந்தும் ஒருமுறைகூடத் தூண்டிலில் மாட்டாதவை.

அந்த மீன் பெருவாய் பாஸ். வட அமெரிக்க நன்னீர் மீன். வாயை மூடியிருக்கும்போதே மேல்தாடை கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். அமெரிக்கத் தூண்டில்காரர்களுக்கு இதன்மீதுள்ள பித்து சாதாரணமானதல்ல. 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி என்ற விவசாயி பிடித்த பாஸ் 10 கிலோவுக்குச் சற்று மேலே இருந்தது. அந்தச் சாதனையை எட்டிப்பிடிக்க 77 ஆண்டுகள் ஆயின. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்த மீன் அதைவிட ஓர் அவுன்ஸ் கூடுதல்தான். விதிப்படி இரண்டு அவுன்ஸ் கூடினால்தான் புதிய சாதனை என்பதால், இருவரும் இன்றும் அதைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

இந்த மீனைத் தேடிப் போகிறவர்கள் கூடுமிடமெல்லாம் ஒரே பேச்சுதான்: இன்று ஏன் கடிக்கவில்லை? இரையின் நிறம் சரியில்லை என்பார் ஒருவர். காற்றழுத்தம் மாறிவிட்டது என்பார் இன்னொருவர். மீன் கடித்திருக்கும், உனக்குத்தான் தெரியவில்லை என்பார் மூன்றாமவர். எல்லாம் நீர்க்கரையில் பல்லாண்டு நின்று பெற்ற அனுபவம். அதை மதித்துத்தான் ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

நிறத்தை எடுத்துக்கொள்வோம். தூண்டில் கடைகளில் போலி இரைகள் நூற்றுக்கணக்கான வண்ணங்களில் தொங்குகின்றன. பாஸின் விழித்திரையிலோ நிறம் காணும் கூம்புச் செல்கள் இரண்டே வகை: ஒன்று பச்சைக்கு, மற்றொன்று சிவப்புக்கு. நமக்கிருக்கும் நீலக் கூம்பு அதற்கு இல்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில், குறிப்பிட்ட நிறத்தைத் தொட்டால் தீனி என்று மீன்களைப் பழக்கிச் சோதித்தார்கள். முடிவுகள் 2019இல் வெளிவந்தன. சிவப்பையும் பச்சையையும் மீன்கள் நன்றாகவே பிரித்தறிந்தன. மினுங்கும் எலுமிச்சை மஞ்சளையும் வெள்ளையையும் குழப்பிக்கொண்டன. நீலத்தையும் கருப்பையும் அப்படியே. அந்த எலுமிச்சை மஞ்சள்தான் தூண்டில்காரர்கள் சத்தியம் செய்யும் நிறம்! கலங்கிய தண்ணீரில் அது பலிக்கிறது என்று அவர்கள் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதே இடத்தில் வெள்ளையும் பலிக்கக்கூடும்.

காற்றழுத்தக் கணக்கு வேறு. பாஸின் வயிற்றில் மூடிய காற்றுப்பை இருக்கிறது, வெளியழுத்தம் மாறினால் அது விரியும், சுருங்கும், அதனால் மீனுக்குச் சங்கடம் என்பது வாதம். காற்றுப்பை இருப்பது உண்மைதான். ஆனால் தண்ணீரில் ஒரு மீட்டர் கீழே போனால் அழுத்தம் சுமார் 98 மில்லிபார் கூடுகிறது. மழைக்கு முன்னால் வானிலை 20 மில்லிபார் இறங்கினால், மீனுக்கு அது 20 சென்டிமீட்டர் மேலே வந்ததற்குச் சமம். இரையைத் துரத்தி நொடிக்கு நொடி அதைவிட அதிகம் ஏறி இறங்கும் மீனை அது என்ன செய்துவிடும்? மேகம் கவிந்து வெளிச்சம் மங்குவதும், காற்று நீர்ப்பரப்பைக் கலைப்பதும் மறைந்திருந்து பாயும் மீனுக்கு வாய்ப்பான நேரங்கள். கரையில் நிற்பவர் கண்டது சரி, காரணத்தை அழுத்தமானியின் முள்ளில் தேடியதுதான் பிசகு என்பது என் எண்ணம்.

மூன்றாமவர் சொன்னதுதான் என்னை அதிகம் வியக்கவைத்தது. 1949இல் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் மென்மையான பிளாஸ்டிக் புழுவை வார்க்கத் தொடங்கினார். அன்றிலிருந்து புழு போடுகிறவர்கள் சொல்லும் அறிவுரை ஒன்றே: கையை நம்பாதே, நூலைப் பார், நூல் லேசாகப் பக்கவாட்டில் நகர்ந்தால்கூடச் சுண்டி இழு. பாஸ் இரையைக் கடித்துப் பிடிப்பதில்லை, உறிஞ்சுகிறது என்பதுதான் இதன் பின்னாலுள்ள உண்மை. வாயை வெடுக்கென்று அகல விரித்ததும் உள்ளே அழுத்தம் சரிந்து, தண்ணீரோடு இரையும் புகுந்துவிடுகிறது. எல்லாம் நாம் கண் சிமிட்டுவதற்குள். பிடிக்காவிட்டால் அதே வேகத்தில் துப்பியும் விடுகிறது. அந்த உறிஞ்சலுக்கான வலு எங்கிருந்து வருகிறது என்று பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எக்ஸ் கதிர்ப் படம்பிடித்துப் பார்த்தார்கள். தலையிலுள்ள சிறு தசைகளால் அது முடியாது. தேவையான ஆற்றலில் 95 விழுக்காட்டுக்கு மேல் முதுகும் வயிறுமாக உடலெங்கும் ஓடும் நீந்தும் தசைகளிலிருந்து வருகிறது என்று 2015இல் தெரிவித்தார்கள். உடம்பு முழுக்க முறுக்கேறி வாயைத் திறக்கிறது. கரையிலிருப்பவருக்கு எட்டுவதோ ஒரு மெல்லிய தட்டு.

ஆனால் நிறம், வானிலை, கைப்பக்குவம் எல்லாம் சேர்ந்தும் ரிட்ஜ் ஏரியின் அந்த 200 மீன்களை விளக்க முடியவில்லை. ஆய்வாளர் டேவிட் ஃபிலிப்பும் உடனிருந்தவர்களும் சிக்காத மீன்களைத் தனியாகவும், அடிக்கடி சிக்கியவற்றைத் தனியாகவும் இனப்பெருக்கம் செய்யவிட்டார்கள். இரு வகைக் குஞ்சுகளையும் ஒரே குளத்தில் வளர்த்துத் தூண்டில் போட்டார்கள். இப்படி மூன்று தலைமுறை. சிக்காதவற்றின் பிள்ளைகள் குறைவாகவே சிக்கின. தலைமுறைக்குத் தலைமுறை வேறுபாடு விரிந்தது. தூண்டிலுக்கு மயங்குவதும் மயங்காததும் ஓரளவு பிறப்பிலேயே வருகிறது என்று 2009இல் எழுதினார்கள். பட்டுத் தெரிந்துகொண்ட மீன் தூண்டிலைத் தவிர்க்கிறது என்பதே தூண்டில்காரர்களின் பொது நம்பிக்கை. அதிலும் உண்மை இருக்கலாம். ஆனால் இந்தக் குஞ்சுகள் தூண்டிலையே கண்டிராதவை.

இதைவிடக் கனமான செய்தி பின்னால் வந்தது. எளிதில் சிக்கும் வகை ஆண்கள்தான் நல்ல தகப்பன்கள்! பாஸில் பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். வசந்தத்தில் தண்ணீர் 15 முதல் 18 டிகிரி வரை சூடேறும்போது, ஆண்தான் வாலால் அடித்தரையைப் பெருக்கிக் கூடு அமைத்து, முட்டைக்கு விசிறி, பொரிந்த குஞ்சுகளையும் சில வாரங்கள் காக்கும். நெருங்கும் எதையும் பாய்ந்து தாக்கும். நம்மூர் விராலும் குஞ்சுகளோடு திரியும்போது அப்படித்தானே? அந்த ஆவேசமே அதைத் தூண்டிலில் மாட்டவும் வைக்கிறது. எளிதில் சிக்கும் ஆண்கள் கூட்டை அதிக மூர்க்கத்தோடு காக்கின்றன, அதிகக் குஞ்சுகளை வளர்த்தெடுக்கின்றன என்று 2012இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. ஆக, கூட்டின்மேல் இரையை இறக்குகிறவர் ஏரியின் சிறந்த காவலர்களைத்தான் தேர்ந்தெடுக்கிறார்.

பிடித்தாலும் விட்டுவிடுகிறோமே என்று தூண்டில்காரர்கள் கேட்பது நியாயம். பாஸ் போட்டிகளைத் தொடங்கிவைத்த ரே ஸ்காட், 1972 முதல் பிடித்த மீனை உயிரோடு விடும் வழக்கத்தை அமெரிக்கா முழுக்கப் பரப்பினார். அதனால் பிழைத்த மீன்களுக்குக் கணக்கில்லை. கூடுகட்டும் பருவத்தில் மட்டும் அது போதாது. ஆண் மீன் படகில் இருக்கும் சில நிமிடங்களிலேயே புளூகில் போன்ற சிறு மீன்கள் கூட்டுக்குள் புகுந்து முட்டைகளைத் தின்னத் தொடங்கிவிடுகின்றன. எடை போடுவதற்காகத் தொலைவுக்குக் கொண்டுபோய் விட்டால் அந்தக் கூடு போனதுதான். கனடாவில் ஒன்ராறியோவின் பல பகுதிகளில் ஜூன் பிற்பகுதி வரை பாஸ் பிடிக்கவே தடை. அமெரிக்காவின் தென்மாநிலங்கள் பலவற்றில் ஆண்டு முழுவதும் பிடிக்கலாம். கூட்டிலிருக்கும் மீனைப் பிடிப்பது சரியா என்ற வாக்குவாதம் ஒவ்வொரு வசந்தத்திலும் அங்கே மறுபடி கிளம்புகிறது.