மிடற்றுப் பாடலும் தனிப் பியானோவும்

மிடற்றாற் பாடுதற்கென அமைந்த பாடலைச் சொல்லின்றிப் பியானோ ஒன்றிலேயே இசைக்குமாறு மாற்றியெழுதுதல், ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டிற் செழித்த ஒரு கலை. சூபர்ட்டின் (1797–1828) பாடல்களுள் ஐம்பதிற்கு மேற்பட்டவற்றை இலிசுட்டு (1811–1886) இவ்வாறு எழுதினார். அவற்றைக் கொண்டு இக்கலையின் இயல்பை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் தோன்றும் இடர்ப்பாடு ஒலி பற்றியது. கட்டையை அழுத்தியவுடன் சுத்தி கம்பியைத் தாக்கும். தாக்கிய கணமே ஒலி தேயத் தொடங்கும். மிடறோ ஒரு சுரத்தை நீட்டவும், நீட்டுங்கால் வலுப்படுத்தவும் வல்லது. ஆதலின் பாட்டின் சுரங்களை உள்ளவாறே பெயர்த்தெழுதினால் மட்டும் போதாது. தேயும் ஒலியைச் சூழவுள்ள சுரங்களால் தாங்குதல் வேண்டும். இலிசுட்டின் காலத்தவரான தால்பர்க்கு, பாட்டை நடுவிடத்தில் வைத்து இரு கைப் பெருவிரல்களும் மாறிமாறி இசைக்க, ஏனை விரல்கள் மேலும் கீழும் ஓடுமாறு செய்தார். மிதியை அழுத்தியிருத்தலின் பெருவிரல் விட்ட சுரமும் ஒலித்துக் கொண்டேயிருக்கும். கேட்டோர் மூன்று கைகள் வாசிப்பதாக மயங்கினர். பியானோவிற் பாடுங் கலை பற்றி அவர் 1853இல் ஒரு பயிற்சித் தொகுதியும் வெளியிடலானார்.

இனி, கதேயின் பாடலுக்குச் சூபர்ட்டு 1815இல் இசையமைத்த ‘எர்ல்கோனிக்’கை நோக்குவோம். நள்ளிரவில் நோயுற்ற மகனை அணைத்துத் தந்தை குதிரையில் விரைகின்றான். கதை கூறுவோன், தந்தை, மகன், மாயவேந்தன் என்னும் நால்வர் குரலையும் ஒருவரே பாடுவர். மூலத்திற் குளம்பொலியாக மும்மூன்றாய் அடுக்கிவரும் வலக்கைச் சுரங்களே வாசிப்பவரைக் களைப்பிக்க வல்லன. இலிசுட்டின் வடிவிலோ அவர் அவ்வோட்டத்தோடு நால்வர் குரலையும் தாமே சுமத்தல் வேண்டும். தந்தைக்கு மெலிவும் மகனுக்கு வலிவுமாகப் பிரித்தலாற் குரல்கள் வேறுபட்டொலிக்கின்றன.

ஆயின் இறுதியில் மகன் இறந்தான் என்னுஞ் செய்தியைப் பாடுவோர் ஏறக்குறையப் பேச்சாகவே சொல்வர். சொல்லற்ற கருவி அதனை எங்ஙனம் உணர்த்தும்? இலிசுட்டு, பாடலின் சொற்களையும் சுரங்களுடன் அச்சிடச் செய்தார். அது வாசிப்பவர்க்கு உதவும், கேட்போர்க்கு உதவாது. கேட்போர்க்கு உணர்த்துவது, அதுகாறும் ஓயாதிருந்த குளம்பொலி அவ்விடத்து நின்றுவிடுதலேயாம் என்பது எம் கருத்து.

இம்மாற்றம் இழப்பு மட்டுமன்று. ‘சுடென்ட்சென்’ என்னும் இரவுப்பாடலில், பின்னர் ஓரிடத்துப் பாட்டைத் தொடர்ந்து அதன் எதிரொலி வலிவில் எழுமாறு இலிசுட்டு அமைத்தார். தனியொரு மிடற்றால் அது இயலாது.