மரங்களுக்கு இடையிலான தூரம்

அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரைச் சுற்றியுள்ள குன்றுகளில், வெயில் படும் தெற்குச் சரிவில் பிர்ச், ஆஸ்பென், வெள்ளை ஸ்புரூஸ் மரங்கள் ஓங்கி வளர்கின்றன. அதே குன்றின் வடக்குச் சரிவில் கருப்பு ஸ்புரூஸ் குட்டையாக, ஒல்லியாக நிற்கிறது. மணிக்கட்டுப் பருமனே உள்ள மரத்துக்கு நூறு வயதுகூட இருக்கலாம். அங்கே தடித்த பாசிக்குக் கீழே கோடையிலும் உருகாத உறைமண் கிடக்கிறது. வேர் ஆழமாக இறங்க முடிவதில்லை, தண்ணீரும் வடிவதில்லை.

ஆகவே இந்த டைகா காட்டில் எந்த மரம் எங்கே, எவ்வளவு நெருக்கமாக நிற்கிறது என்று தெரிந்தால் மண்ணின் நிலையையும் பழைய காட்டுத்தீயின் தடத்தையும் ஊகிக்கலாம். ஆனால் சாலையில்லாத சதுப்பில் நடந்து அளப்பது பெரும்பாடு. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்திலோ ஒரு புள்ளி என்பது 30 மீட்டர் சதுரம். மரம், பாசி, நிழல் எல்லாம் ஒரே நிறமாகக் கலந்துவிடும்.

இந்த இடைவெளியை நிரப்புவது விமானம். நாசாவின் கோடார்ட் மையம் உருவாக்கிய ஜி-லைட் கருவித் தொகுதி 2014-இல் அலாஸ்காவின் டனானா பகுதிக்கு மேல் கீற்றுக் கீற்றாகப் பறந்து அளந்தது. அதிலுள்ள லேசரின் ஒரே ஒரு துடிப்பைக் கவனியுங்கள். அதில் ஒரு பங்கு பத்து மீட்டர் மரத்தின் உச்சியில் பட்டுத் திரும்புகிறது. மிச்சம் கிளைகளின் இடுக்கு வழியே இறங்கிப் பாசியைத் தொட்டுத் திரும்புகிறது. இரண்டுக்கும் நடுவே சுமார் 67 நானோவினாடி வித்தியாசம். அந்த நேரத்திலிருந்துதான் மரத்தின் உயரம் கிடைக்கிறது. விமானத்தின் இடத்தையும் சாய்வையும் நொடிக்கு நொடி பதிவுசெய்வதால், ஒவ்வொரு எதிரொளிப்பையும் வரைபடத்தில் சரியான இடத்தில் வைக்க முடிகிறது. கூடவே பறக்கும் நிறமாலைக் கேமரா, அகச்சிவப்பில் பளிச்சென்று தெரியும் அகன்ற இலை மரங்களை ஊசியிலை மரங்களிலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்குப் பிந்தைய கணக்கு. இரண்டு இடங்கள் எவ்வளவு விலகினால் அவற்றின் மர உயரங்களுக்குள் ஒற்றுமை மறைகிறது? சில மீட்டரிலேயே மறைந்தால் அது தனி மரத்தின், சிறு கூட்டத்தின் அளவு. நூற்றுக்கணக்கான மீட்டர் வரை நீடித்தால், மலைச்சரிவோ பழைய தீயோ அந்த மரத் திட்டை உருவாக்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் லேசர் உறைமண்ணைப் பார்ப்பதில்லை. ஸ்புரூஸின் கூரிய நுனியையும் தவறவிட்டு உயரத்தைக் குறைத்துக் காட்டும். அதனால் தரையில் மரங்களை அளக்கும் ஆட்கள் கட்டாயம் வேண்டும். அவர்களின் அளவோடு பொருத்திய பிறகுதான் கீற்றுகளை நம்பலாம்.

இந்த உழைப்பு இன்று அவசரமானது. தீ பாசியையும் அடிமக்கையும் ஆழமாக எரித்துவிட்டால், கருப்பு ஸ்புரூஸ் இருந்த இடத்தைப் பிர்ச்சும் ஆஸ்பெனும் பிடித்துக்கொள்கின்றன. அதே கீற்றின்மேல் சில ஆண்டுகள் கழித்து மறுபடி பறந்தால், எந்தச் சரிவில் காடு கைமாறுகிறது என்பதை மரம் மரமாக ஒப்பிட்டுப் பார்க்கலாம்.