வீடு பார்த்துக் கொடுப்பதும் ஒரு தொழில்தான்

ஹட்டன் நகரில் வீடும் அறையும் வாடகைக்குப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். "தரகு வேலை ஆண்களுக்கு உரியதுதானே?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால் கையில் முதல் இல்லாமல், குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்ணுக்கு இது ஏற்ற தொழில். போரில் எல்லாவற்றையும் இழந்த சகோதரிகள் தங்கள் ஊரிலும் இதைத் தொடங்கலாம் என்பதால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

யாருக்கு வீடு தேவை?

முதலில் இதைக் கவனியுங்கள். எங்கள் பக்கம் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கிறது. டிக்கோயாவில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. மாற்றலாகி வரும் ஆசிரியைக்கும் தாதிக்கும் அறை வேண்டும். மார்கழிப் பௌர்ணமி முதல் வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாத மலை யாத்திரிகர்கள் நல்லதண்ணியில் ஓர் இரவு தங்க இடம் தேடுவார்கள். ஏப்ரல் வசந்தகாலத்தில் நுவரெலியாவில் முழு வீட்டையே சில நாட்களுக்குக் கேட்பார்கள். பருவ வாடகையில் கையில் காசு புரளும்; ஆனால் ஆண்டு முழுதும் அடுப்பெரிய வைப்பது மாத வாடகைதான்.

வீடு யாருடையது?

தோட்டப் பகுதியில் இதுதான் பெரிய கேள்வி. நான்கு தலைமுறை வாழ்ந்த லயக் காம்பராவுக்கும் அங்கு வாழ்பவரிடம் உறுதி இருப்பதில்லை. 1992 இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டபோதும் காணி பெரும்பாலும் அரசினுடையதாகவே இருந்தது. ஆகவே லயக் காம்பராவை வெளியாருக்கு வாடகைக்குப் பேசிக் கொடுக்க நான் போவதில்லை. 7 பேர்ச்சஸ் காணியில் கட்டிய திட்ட வீடு என்றால், வாடகைக்கு விட அனுமதி உண்டா என்று முதலில் விசாரிப்பேன். நகரத்து வீடு என்றால் உறுதி, வரிப் பற்றுச்சீட்டு, மின்கட்டணப் பட்டியல் மூன்றையும் பார்ப்பேன். பெயர்கள் வேறுபட்டால் காரணம் கேட்பேன். வன்னியில் அரச அனுமதிப்பத்திரக் காணி வைத்திருப்பவர்கள் பிரதேச செயலகத்தில் கேட்காமல் வாடகைக்கு விட வேண்டாம்.

வீட்டின் பின்பக்க மண்மேட்டையும் பாருங்கள். 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போது மலையகத்தில் நடந்த மண்சரிவுகளை யாரும் மறக்க முடியாது. வெடித்த சுவருள்ள வீட்டைக் காட்டிக் கொடுத்து வரும் காசு நமக்கு வேண்டாம்.

வாய்ப்பேச்சு போதாது

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் விதி. முற்பணம் எவ்வளவு, எப்போது திரும்பக் கிடைக்கும், மின்மானியின் இலக்கம் என்ன, திருத்த வேலை யார் பொறுப்பு, வெளியேற எத்தனை மாத அறிவித்தல் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். வாடகைக்குப் பற்றுச்சீட்டு கட்டாயம் வாங்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகளோடு தனியாக வரும் பெண்ணுக்கு வீடு கொடுக்கப் பலர் தயங்குகிறார்கள். வடக்கு கிழக்கு விலாசம் என்றாலும் அப்படித்தான். 2007 ஜூன் 7 அன்று கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பேருந்துகளில் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. தலைக்கு மேல் கூரையில்லாத பயம் என்னவென்று நமக்குத் தெரியும். அதனால்தான் அந்தச் சகோதரியின் அடையாள அட்டைப் பிரதியையும் தொழில் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு, அவரையும் கூட்டிப்போய் வீட்டுக்காரரோடு நேரில் பேசுகிறேன். முகம் பார்த்துப் பேசினால் பல கதவுகள் திறக்கின்றன.

தொழில் வளர

ஒரு கொப்பியில் வீடு, வாடகை, காலியாகும் திகதி ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். தரகுப் பணத்தை முன்பே பேசி, சாவி கைமாறும் நாளில் வாங்குங்கள். வீடு காட்டப் பகலில், துணையோடு போங்கள். நம்பிக்கை வந்தபின், வெளிநாட்டிலும் கொழும்பிலும் இருக்கும் வீட்டுக்காரர்கள் வாடகை சேர்க்கவும் வீட்டைத் துப்புரவாக வைக்கவும் நம்மிடமே பொறுப்புக் கொடுப்பார்கள். மாதாமாதம் வரும் வருமானம் அதுதான்.

சகோதரிகளே, இந்தத் தொழிலில் நமது முதல் நாணயம். அதைச் செலவழித்துவிடாமல் காத்துக்கொண்டால் போதும்.