வெள்ளை ஏன் மஞ்சளாகிறது?

மும்பை தாராவியில் ஒரு பெண் துணிப்பை தைத்து விற்கிறார். ஓர் இரவு, வெள்ளைப் பை ஒன்றைக் குண்டு பல்பு வெளிச்சத்தில் டிஜிட்டல் கேமராவில் படம் எடுத்தார். படத்தைப் பார்த்து வாங்கியவர் பையைத் திருப்பி அனுப்பிவிட்டார். "நான் கேட்டது மஞ்சள் பை" என்றார். தைத்த கூலியும் போயிற்று.

பை மாறவில்லை. கேமராவும் பழுதில்லை. வெளிச்சம்தான் காரணம். குண்டு பல்பின் ஒளியில் மஞ்சள் அதிகம். நிழலில் விழும் ஒளியில் நீலம் அதிகம். நம் மூளை இதைத் தானே சரிசெய்துகொள்ளும். அதனால் பெரும்பாலான விளக்குகளில் வெள்ளை வெள்ளையாகவே தெரிகிறது. கேமராவும் தானே கணக்குப் போடும். ஆனால் குண்டு பல்பில் அடிக்கடி தடுமாறும்.

அப்போது நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். கேமராவில் 'ஒயிட் பேலன்ஸ்' என்று ஓர் அமைப்பு உண்டு. அதில் சிறு படங்கள் இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கவே வேண்டாம்! சூரியன் படம் வெயிலுக்கு. மேகம் மப்பு நாளுக்கு. வீடு நிழலுக்கு. பல்பு படம் பல்புக்கு. அதைத் தேர்ந்தெடுத்தால் கேமரா நீலத்தைக் கூட்டும். மஞ்சள் போய்விடும்.

அதை மாற்றாமல் மறுநாள் வெயிலில் எடுத்தால்? பை நீலமாகிவிடும்.

பல்பும் டியூப்லைட்டும் சேர்ந்து எரிந்தால் எந்தப் படமும் சரிவராது. ஒன்றை அணைத்துவிடுங்கள்.

அந்தப் பெண் இப்போது பகலில், வாசலில் வைத்துத்தான் பையைப் படம் எடுக்கிறார்.